வாசகர் கேள்வி – பதில்: பயமில்லாமல் கடக்கக்கூடிய தெரு

நகரத் தெருக்களில் நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, பேருந்தில் போவது ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் சாலைப் பாதுகாப்பு வாரம் நடத்துகிறோம். இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனாலும் பள்ளி வாசலிலேயே விபத்து நடக்கிறது. மக்களிடம் ஒழுங்கு வராதவரை எந்தச் சாலையும் பாதுகாப்பாக இருக்காது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அது சரிதானா?

பதில்: பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் சக ஆசிரியர்களின் முடிவை நான் ஏற்கவில்லை. எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் அது இருக்கும் தூரத்தையும் சேர்த்துக் கணித்து, கடக்கலாமா நிற்கலாமா என்று முடிவெடுக்கும் திறன் ஆறேழு வயதுக் குழந்தைக்கு முழுமையாக வந்திருக்காது. எத்தனை வகுப்பு எடுத்தாலும் பந்து தெருவுக்கு ஓடினால் குழந்தையும் பின்னால் ஓடத்தான் செய்யும். பெரியவர்களும் அப்படித்தான், ஓட்டுநருக்கு ஒரு நொடி கவனம் சிதறுகிறது, முதியவருக்குப் பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படாமல் போகிறது. மனிதர் எவரும் எப்போதும் தவறாமல் இருந்தால் மட்டுமே உயிர் தப்பலாம் என்கிற விதத்தில் ஒரு தெருவை அமைத்தால், அங்கே சாவு நிகழ்வதற்குக் காரணம் அந்த அமைப்புதான்.

சுவீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட ‘விஷன் ஸீரோ’ கொள்கையின் சாரம் இதுவே. மனிதர் தவறு செய்வார்கள், மனித உடல் ஓரளவுக்கு மேல் அடி தாங்காது என்ற இரண்டையும் மாறாத உண்மைகளாக எடுத்துக்கொண்டு, தவறு நேர்ந்தாலும் அது உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்கும் பொறுப்பை, சாலையைத் திட்டமிட்டுப் பராமரிப்பவர்கள்மீது அந்தக் கொள்கை வைத்தது. ஓட்டுநரும் நடப்பவரும் விதியைக் கடைப்பிடிக்க வேண்டியது அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்கள் தவறினார்கள் என்று சொல்லி, அதோடு கோப்பை மூடிவிட முடியாது.

இன்று சைக்கிளுக்குப் பெயர்போன நெதர்லாந்தும் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயர். குழந்தைகளை இன்னும் கவனமாக நடக்கச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வண்டிகளின் வேகத்தைக் குறையுங்கள், தெருவை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். 1973-இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் கார்ப் பயணத்தைக் குறைக்க வைத்து அவர்களுக்குக் கைகொடுத்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் சந்திப்பு சந்திப்பாக, தெருத் தெருவாக மாற்றியதன் விளைவைத்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகெங்கும் சாலை விபத்துகளில் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்களும்தான். 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாக இருப்பது சாலை விபத்து. இவ்வளவு பெரிய இழப்பை அறிவுரையால் மட்டும் தடுக்கலாம் என்று நம்புவது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: நகருக்குள் மணிக்கு 30 கி.மீ.தான் வேக வரம்பாக இருக்க வேண்டும் என்று சிலர் வலியுறுத்துகிறார்கள். 30-க்கும் 50-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? எல்லாரும் ஊர்ந்துகொண்டே போனால் வேலைக்கு எப்போது போய்ச் சேருவது?

பதில்: வித்தியாசம் மிகப் பெரியது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நிறுத்தியிருக்கும் வேன் ஒன்றின் மறைவிலிருந்து ஒரு சிறுமி தெருவில் கால் வைக்கிறாள். வருகிற காருக்கும் அவளுக்கும் இடையே 14 மீட்டர் தூரம். ஓட்டுநர் அவளைப் பார்த்து, ஆபத்தை உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கவனமான ஓட்டுநருக்கான கணக்கு. கார் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்றே கூடுதலாக ஓடியிருக்கும். உலர்ந்த தரையில் பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டர் ஓடும். ஆக, 13 மீட்டர் சொச்சத்தில் கார் நின்றுவிடுகிறது. சிறுமி பயந்துபோவாள், ஓட்டுநருக்குக் கை நடுங்கும், இருவரும் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். அதே கார் 50 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் அந்த முதல் விநாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே சிறுமி நிற்கிறாள். வேகம் கொஞ்சமும் குறையாமல் கார் அவள்மீது மோதுகிறது. அந்த மோதலின் வலு, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம்.

வேகம் கூடினால் மோதும் ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30-லிருந்து 50-க்குப் போகும்போது அது கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

இனி நேரத்துக்கு வருவோம். 3 கி.மீ. தூரத்தை எங்கும் நிற்காமல் 50-இல் கடந்தால் மூன்றரை நிமிடம் சொச்சம் ஆகும்; 30-இல் கடந்தால் 6 நிமிடம். அதிகபட்ச இழப்பே இரண்டரை நிமிடத்துக்குள்தான். நகரத்தில் யாரும் 3 கி.மீ. தூரத்தை நிற்காமல் ஓட்டுவதில்லை என்பதால் உண்மையான இழப்பு இன்னும் குறைவு. பயண நேரத்தைத் தீர்மானிப்பவை சிக்னல்களும் சந்திப்பு நெரிசலும். இரண்டு சிக்னல்களுக்கு இடையே விரட்டிக்கொண்டு போவதால் அடுத்த சிவப்பு விளக்குக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

ஸ்பெயினில் 2021 மே மாதம் முதல், ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள நகரத் தெருக்களில் 30 கி.மீ. வரம்பு நடைமுறையில் இருக்கிறது. ஹெல்சிங்கி நகரில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் இதுவே வரம்பு. 2025 ஜூலையோடு முடிந்த 12 மாதங்களில் அந்த நகரில் சாலை விபத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆறரை லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் தலைநகரம் அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பலகை நட்டால் வேகம் குறைந்துவிடாது. தெரு நெடுஞ்சாலையைப் போல் அகலமாகவும் நேராகவும் இருந்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஓட்டுநரின் கால் தானாக அழுத்தும். தடத்தின் அகலத்தை 3 மீட்டர் அளவுக்கும், பேருந்து ஓடும் தடத்தைச் சற்றுக் கூடுதலாகவும் வைப்பது, கடக்குமிடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி ஒரு மேடையாக அமைப்பது, ஓரங்களில் மரம் வளர்ப்பது, நீண்ட நேர்கோட்டை இடையிடையே மெல்ல வளைப்பது என இவையெல்லாம் சேர்ந்தால்தான் 30 என்பது இயல்பான வேகமாகும். அளவு பார்க்காமல் இரவோடு இரவாகப் போடப்படும் செங்குத்தான வேகத்தடைகளை நான் ஆதரிக்கவில்லை. வண்ணமும் வெளிச்சமும் இல்லாத அந்தத் திடீர் மேடுகள் இருசக்கர வண்டியில் வருபவரைத் தூக்கி எறிகின்றன. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரை உலுக்குகின்றன. ஏறவும் இறங்கவும் சரிவுள்ள, மேற்பகுதி தட்டையான, 10 செ.மீ. அளவே உயர்ந்த மேடை போதும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு சந்திப்பை அண்மையில் ‘மேம்படுத்தினார்கள்’. வண்டிகள் நிற்காமல் திரும்பிச் செல்லும்படி முனைகளை அகலமாக வளைத்திருக்கிறார்கள். அதன்பிறகு என் தாயாரால் அந்த இடத்தைக் கடக்கவே முடியவில்லை. எதைக் கேட்டு மனு கொடுக்கலாம்?

பதில்: சந்திப்பின் முனையை எவ்வளவு பெரிதாக வளைக்கிறோமோ, அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும். கூர்மையான முனையில் ஓட்டுநர் ஏறக்குறைய நின்றே திரும்ப வேண்டியிருக்கும். அப்போது கடப்பவரின் முகத்தைப் பார்ப்பார். அகன்ற வளைவில் அவர் பார்ப்பது தான் சேரப்போகும் சாலையில் வரும் வண்டிகளை மட்டுமே. கடக்க வேண்டிய தூரமும் இதனால் கூடுகிறது. ஆகவே உங்கள் முதல் கோரிக்கை, முனையின் வளைவைச் சுருக்கி நடைபாதையை வெளியே நீட்ட வேண்டும், நிற்காமல் திரும்பும் தனித்தடத்தை மூட வேண்டும் என்பதாக இருக்கட்டும். பெரிய லாரியும் பேருந்தும் திரும்ப இடம் வேண்டுமே என்பார்கள். அது நியாயமான கவலைதான். அந்த வண்டிகளின் பின்சக்கரம் மட்டும் ஏறிச் செல்லக்கூடிய, சற்றே உயர்ந்த சொரசொரப்பான கல்தளத்தை முனையில் அமைத்தால் கார்கள் அதைத் தவிர்த்து மெதுவாகத் திரும்பும், பெரிய வண்டிகளுக்கும் வழி கிடைக்கும்.

அடுத்தது சிக்னலின் நேரம். பல நகரங்களில் பாதசாரிக்கான பச்சை விளக்கின் நேரத்தை, ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்தே கணக்கிடுகிறார்கள். அதன்படி 18 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு 15 விநாடி. கைத்தடியோடு நடக்கும் உங்கள் தாயார் விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பார் என்றால் அவருக்கு 22 விநாடிக்கு மேல் வேண்டும். 15 விநாடி முடியும்போது அவர் 12 மீட்டர்தான் வந்திருப்பார். இன்னும் 6 மீட்டர் பாக்கி இருக்கும்போதே வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். அவரைப் பார்த்து யாரும் ‘சீக்கிரம் நட பாட்டி’ என்று கத்தத் தேவையில்லாதபடி பச்சை நேரத்தை நீட்ட வேண்டும். சாலையின் நடுவே குறைந்தது 2 மீட்டர் அகலமுள்ள ஒரு திட்டு அமைத்தால், அவர் அங்கே நின்று, ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கலாம். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 விநாடிகளுக்கு முன்பே நடப்பவருக்குப் பச்சை காட்டும் ஏற்பாட்டையும் கேளுங்கள். திரும்பும் வண்டி கிளம்புவதற்குள் அவர் சாலையின் நடுவில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பார். இதற்குச் சிக்னல் பெட்டியில் நேரத்தை மாற்றினால் போதும். பெரிய கட்டுமானம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்தும் மக்கள் கீழேயே கடக்கிறார்கள். இது சோம்பல் இல்லையா?

பதில்: லாரிகள் போக மேலே 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, அதன்மேல் தளம் போட்டால், ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். 15 செ.மீ. படிகளாகக் கணக்கிட்டால் 40 படிகள் ஏறி 40 படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர், கைக்குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், சைக்கிளைத் தள்ளி வருபவர் ஆகியோருக்கு அந்தப் பாலம் இருந்தும் இல்லாததுதான். இரவில் ஆளரவமற்ற பாலத்தில் பெண்கள் ஏறத் தயங்குவதும் இயல்பு. நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடக்கப் பாலம் வேண்டியிருக்கலாம். நகரத்தின் சாதாரணத் தெருவில், தரையிலேயே சிக்னலோடு கடக்க வழி செய்ய வேண்டும். வண்டிகள் சிறிது நேரம் நிற்கட்டும்.

கேள்வி: நடைபாதை இருக்கும்போதே பலர் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். ஆக்கிரமிப்புகளை அகற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ஓரளவு சரியாகும். ஆனால் உங்கள் தெரு நடைபாதையில் ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொடங்கும். பத்தடிக்கு ஒரு வாசலுக்காக இறங்கி மறுபடி ஏறும். நடுவே ஒரு மின்கம்பம், மூடி பெயர்ந்த வடிகால், குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள். இப்படி ஏறி இறங்கி நடப்பதைவிடச் சாலையோரமே மேல் என்று மக்கள் முடிவு செய்வதில் வியப்பில்லை.

நடைபாதை 15 செ.மீ. உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எந்தத் தடையும் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டராவது இருந்தால்தான் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல முடியும். கம்பம், மரம், இருக்கை, சிறுவியாபாரிகள் ஆகியோருக்கான இடம் அதற்கு வெளியே தனிப்பட்டையாக ஒதுக்கப்பட வேண்டும். வீட்டு வாசலுக்கு வண்டி ஏறும் இடங்களில் நடைபாதை தன் மட்டத்திலேயே தொடர வேண்டும்; ஏறி இறங்க வேண்டியது வண்டிதான். சிறுவியாபாரிகளைத் துரத்துவதில் காட்டும் வேகத்தை இந்த அளவுகளைச் சரிசெய்வதில் காட்டினால் நடப்பவர்களுக்கு உண்மையான நன்மை கிடைக்கும். சிறுவியாபாரிகள் இருக்கும் தெருவில் இரவிலும் வெளிச்சமும் மனித நடமாட்டமும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: நகராட்சி சைக்கிள் தடம் போட்டது. யாரும் அதில் போவதில்லை. வீணாகக் கிடக்கும் அந்த இடத்தைக் கார்களுக்கே திருப்பித் தந்துவிடலாம் அல்லவா?

பதில்: அந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அகலமான சாலையில் 800 மீட்டர் ஓடி, சரியாக ஆபத்தான சந்திப்புக்கு முன்னால் காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட தடத்தை நம்பி எந்தத் தாய் தன் மகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புவார்?

ஸ்பெயினின் செவில் நகரம் இதற்கு நல்ல பாடம். அங்கே 2006-க்கு முன்பு சைக்கிளில் செல்பவர்கள் மிகச் சிலரே. அந்த நகரம் துண்டுத் துண்டாகப் போடுவதை விட்டு, சில ஆண்டுகளுக்குள்ளேயே 100 கி.மீ.க்கும் மேற்பட்ட தடங்களை, வண்டிகளிலிருந்து திண்டால் பிரிக்கப்பட்டவையாக, ஒன்றோடொன்று இணைந்தவையாக அமைத்து முடித்தது. சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின. வெயில் கடுமையான, அதற்கு முன்பு சைக்கிள் பழக்கம் அவ்வளவாக இல்லாத ஊர் அது. வடக்கு ஐரோப்பாவில்தான் இது நடக்கும் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

வெறும் வண்ணக்கோடு யாரையும் காப்பாற்றாது. அதன்மேல் வண்டி நிறுத்துவார்கள். நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறக்கும் இடமும் அதுதான். கார் நிறுத்தும் பட்டைக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் தடம் அமைந்து, கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளியும் விட்டால், நிறுத்திய கார்களே அரணாகிவிடும். சந்திப்பில் சைக்கிள்கள் நிற்கும் கோட்டை வண்டிகள் நிற்கும் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் போட வேண்டும். லாரி ஓட்டுநரின் கண்ணில் படாத பக்கவாட்டில் சைக்கிள் சிக்கிக்கொள்வதை இது தடுக்கும்.

இன்னொன்று: நன்றாக ஓடும் சைக்கிள் தடம் காலியாக இருப்பதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் அதில் வருபவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். நெரிசலில் நின்றிருக்கும் 40 கார்கள் கண்ணை நிறைத்தாலும் அவற்றில் இருப்பவர்கள் 60 பேருக்குமேல் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: சைக்கிளில் செல்பவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினால் போதாதா?

பதில்: விழுந்தால் தலைக்கவசம் தலையைக் காக்கும், அணிவது நல்லது. லாரி மோதுவதை அது தடுக்காது. மோதலே நேராமல் தடுக்கும் தடத்தையும் சந்திப்பையும் அமைத்த பிறகுதான் தலைக்கவசம் பற்றிப் பேச நகராட்சிக்குத் தகுதி வருகிறது.

கேள்வி: பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கினால் மற்ற வண்டிகளுக்கு ஒரு தடம் குறைகிறது. நெரிசல் இன்னும் கூடாதா? அதற்குப் பதில் சாலையை அகலப்படுத்தலாமே?

பதில்: ஒரு தடத்தில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணுவதை விட்டு, எத்தனை மனிதர்கள் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் தரும் கணக்குப்படி, ஒரு தடத்தில் தனியார் கார்கள் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர்வரை செல்லலாம். அதே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். அதே அகலத்தில் இருவழிச் சைக்கிள் தடம் அமைத்தால் சுமார் 7,500 பேர். நடைபாதையானால் சுமார் 9,000 பேர். இடம் குறைவாக இருக்கும் நகரத்தில், குறைந்த இடத்தில் நிறையப் பேரைக் கொண்டு செல்லும் வழிக்கு முன்னுரிமை கொடுப்பதுதான் நியாயம்.

அகலப்படுத்துவதன் விளைவையும் உலகம் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் சில இடங்களில் 26 தடங்கள்வரை, அதாவது இணைப்புச் சாலைகளையும் சேர்த்து, அகலப்படுத்தி முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டுவிட்டது. சாலை அகலமானதும், முன்பு பயணத்தைத் தவிர்த்தவர்களும் வேறு நேரத்தில் போனவர்களும் காரை எடுத்தார்கள். தூரத்தில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. இதற்கு நேர்மாறாக, சியோல் நகரம் தன் மையத்தில் ஓடிய உயர்மட்டச் சாலை ஒன்றை 2003-இல் இடிக்கத் தொடங்கி, அதன்கீழ் மூடிக்கிடந்த சியோங்யேசியோன் ஓடையை 2005-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. இடையில், 2004-இல், பேருந்து வழித்தடங்களை முழுவதுமாக மாற்றியமைத்து, சாலை நடுவே பேருந்துக்குத் தனித்தடங்களும் கொடுத்தது. அஞ்சியபடி நகரம் முடங்கிவிடவில்லை.

பேருந்தைப் பற்றிப் பேசும்போது நாம் தடத்தை மட்டுமே நினைக்கிறோம். பயணியின் நேரம் பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் கழிகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரியாக 10 நிமிடக் காத்திருப்பு. 6 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 3 நிமிடம். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இல் பேருந்துக்குத் தனிச்சாலை ஒதுக்கியது. பிறகு 1991-இல் குழாய் வடிவ நிறுத்தங்களை அமைத்தது. டிக்கெட் உள்ளே நுழையும்போதே முடிந்துவிடும். மேடையும் பேருந்தின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், பல கதவுகள் வழியாக ஒரே நேரத்தில் ஏறி இறங்கலாம். படி ஏற முடியாதவருக்கும் அதே வழி. கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவையும் இந்த வழியில் வந்ததுதான்.

எந்தப் பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நடைபாதை இல்லை, இறங்கிய பிறகு எதிர்ப்பக்கம் கடக்க வழி இல்லை என்றால், பேருந்தை எத்தனை நவீனமாக்கினாலும் மக்கள் கையில் வசதி வந்ததும் வண்டி வாங்கிவிடுவார்கள். நிறுத்தத்தில் நிழல், உட்கார இடம், வெளிச்சம் மூன்றும் வேண்டும். மான்ட்ரியல் நகரில் 1996 முதல், இரவில் தனியாகப் பயணிக்கும் பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, தங்கள் வீட்டுக்கு அருகில் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். ஓட்டுநருக்கு ஓர் ஆணை அனுப்பினால் நடைமுறைக்கு வந்துவிடக்கூடிய இந்த ஏற்பாடு ஏன் எல்லா ஊர்களிலும் இல்லை என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

கேள்வி: நான் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவன். கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இல்லாமல் செய்தால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவார்கள். எங்கள் பிழைப்பை யார் பார்ப்பது?

பதில்: உங்கள் கவலையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் முடிவெடுக்கும் முன் வாடிக்கையாளர்கள் எப்படி வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெர்லின் நகரின் இரண்டு கடைத்தெருக்களில் எடுத்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வாடிக்கையாளர்களில் சுமார் 22 சதவீதம் பேர் காரில் வருவதாக அங்குள்ள கடைக்காரர்கள் கணித்தார்கள். வந்தவர்களைக் கேட்டபோது அது ஏறத்தாழ 7 சதவீதம்தான். காரில் வந்து வாசலில் நிறுத்துபவர் கண்ணில் படுகிறார், இடம் இல்லை என்று குறையும் சொல்கிறார். நடந்து வருபவர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறார். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்களை நிறுத்தலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் சரக்கு இறக்க இடமும் நேரமும் குறித்துத் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு வாசலருகே இடம் கட்டாயம் வேண்டும். பணி நடக்கும் மாதங்களில் கடை வாசலைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போவதுதான் வியாபாரத்தை உண்மையில் கெடுக்கிறது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, தேதி சொல்லி முடிக்க வேண்டும் என்று வணிகர்கள் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: நான் பார்வையற்றவன். நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில், எல்லாரும் கலந்து செல்லும்படி தெரு அமைப்பது இப்போது நாகரிகமாகப் பேசப்படுகிறது. என்னைப் போன்றவர்களைக் கேட்டார்களா?

பதில்: பல இடங்களில் கேட்கவில்லை, அது பெரும் பிழை. ஓட்டுநரும் நடப்பவரும் கண்ணால் பார்த்து ஒருவருக்கொருவர் வழிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுந்த அமைப்பு அது. கண்ணால் பார்க்க முடியாதவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. நடைபாதையின் விளிம்பு உங்கள் கைத்தடிக்குத் தெரிய வேண்டும். மட்டம் ஒன்றாக இருக்கும் இடத்தில் காலுக்குத் தெரியும் புடைப்புக் கற்கள் வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய அந்தக் கற்கள் முதன்முதலில் பதிக்கப்பட்டது 1967 மார்ச்சில், ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள தெருவில். நீள்கோடுகள் உள்ள கல் ‘இவ்வழியே போகலாம்’ என்றும், புள்ளிகள் உள்ள கல் ‘நில், முன்னால் கவனம்’ என்றும் சொல்கின்றன. இதை அறியாமல் அழகுக்காகப் பதித்து, மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிப்பது பதிக்காமல் விடுவதைவிட ஆபத்தானது. ஒலியெழுப்பும் சிக்னலும் சேர வேண்டும். வரைபடம் முடிவாவதற்கு முன்பு உங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில் நடந்து பார்த்துக் கருத்துச் சொல்வதைத் திட்டத்தின் ஒரு கட்டமாகவே வைக்க வேண்டும்.

கேள்வி: குடியிருப்போர் சங்கமாக எங்களால் என்ன செய்ய முடியும்? மனு கொடுத்தால் ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது.

பதில்: ‘எங்கள் தெருவைப் பாதுகாப்பாக்குங்கள்’ என்ற மனுவை ஒதுக்கிவைப்பது எளிது. ஒரே ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் அங்கே நின்று, எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள், அவர்களில் குழந்தைகள் எத்தனை, முதியவர்கள் எத்தனை, பேருந்தில் இறங்கி வருபவர்கள் எத்தனை என்று எண்ணிக் குறியுங்கள். சாலையின் அகலத்தையும் பச்சை விளக்கின் விநாடிகளையும் அளவெடுங்கள். மக்கள் உண்மையில் எந்தக் கோட்டில் கடக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடிபடாமல் தப்பித்த சம்பவங்களையும் நேரத்தோடு பதிவு செய்யுங்கள். சாவு நடந்த பிறகுதான் நடவடிக்கை என்ற வழக்கத்தை உடைக்க இந்தப் பதிவே கருவி.

பிறகு நிரந்தரக் கட்டுமானத்தைக் கேட்பதற்கு முன்பு ஒரு சோதனையைக் கேளுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை 2009 மே மாதத்தில் கார்களுக்கு மூடியபோது, பெரிய கட்டுமானம் எதுவும் நடக்கவில்லை. தடுப்புகளை வைத்து, தோட்டத்தில் போடும் மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். விளைவுகளை அளந்து பார்த்து 2010-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். கல்தளம் போட்டது அதற்குப் பிறகுதான். உங்கள் சந்திப்பிலும் வண்ணம், பூந்தொட்டிகள், வளையும் கம்பங்கள் ஆகியவற்றால் முனையைச் சுருக்கி மூன்று மாதம் பார்க்கச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பதால் அதிகாரிக்கும் கையெழுத்திடத் தயக்கம் குறையும்.

மனுவில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும்: சோதனைக்கு முன்பும் பின்பும் வண்டிகளின் வேகத்தை அதே இடத்தில் அதே நேரத்தில் அளக்க வேண்டும், கடப்பவர்களின் எண்ணிக்கையை மறுபடி எடுக்க வேண்டும், இரண்டு கணக்குகளையும் வார்டு கூட்டத்தில் எல்லார் முன்னும் வைக்க வேண்டும். முதல் முறை எண்ணுவதற்குப் பள்ளி நடக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். விடுமுறையில் எடுத்த கணக்கு உங்களுக்கு எதிராகவே காட்டப்படும்.